மேடையில் "வடக்கன்" பேச்சு: கொங்கு ஊர்களில் அதை எதிர்கொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

திருப்பூரில் சனிக்கிழமை சாயங்காலம் தெருமுனைக் கூட்டம் போட்டால் ஆட்கள் தானாகச் சேருவார்கள். வாரச் சம்பளம் கையில் இருக்கும், பஜ்ஜிக் கடை வாசலில் நிற்கிறவர்கள் மைக் சத்தம் கேட்டுத் திரும்புவார்கள். அப்படி ஒரு தேர்தல் கூட்டத்தில் பேச்சாளர் கேட்டார்: "உங்க பையனுக்கு ஏன் வேலை இல்ல? ஸ்டேஷன்ல போய்ப் பாருங்க, வண்டி வண்டியா வந்து இறங்குறான் வடக்கன்!" கை தட்டினார்கள். தட்டியவர்களில் பனியன் கம்பெனியில் என்னோடு பல வருஷம் செக்கிங் டேபிளில் நின்ற அக்காவும் இருந்தார். பக்கத்து அறை ஒடிசாப் பெண்ணுக்கு நடுராத்திரி வலி வந்தபோது ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனவரும் அதே அக்காதான்.

திங்கட்கிழமை நான் அவரிடம், "அப்படிப் பேசறது தப்புங்க்கா, சட்டப்படி குத்தம்" என்றேன். அவர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. அவர் வீட்டில் என்ன கஷ்டம் என்று ஒரு வார்த்தைகூட நான் கேட்டிருக்கவில்லை. அந்த ஒரு வாரத்தில் கற்றதில் தொடங்கி இதுவரை கற்றதெல்லாம்தான் இந்த வழிகாட்டி. திருப்பூர், கோவை, ஈரோடு, நாமக்கல், கரூர் எந்த ஊரில் இருந்தாலும், அடுத்த தேர்தலில் இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு "நாம என்ன பண்ண முடியும்?" என்று நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதல் படி: பேசியதை அப்படியே எழுதி வையுங்கள்

கோபத்தில் வீடு திரும்பி, பேச்சின் சாரத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பிறகு எதற்கும் உதவாது. தேதி, நேரம், இடம், எந்தச் சின்னத்துக்காகப் பேசினார், வேட்பாளர் மேடையில் இருந்தாரா, சொன்ன வாக்கியம் என்ன என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். முடிந்தால் போனில் பதிவு செய்யுங்கள்.

எழுதியதை வீட்டில் உட்கார்ந்து இரண்டாகப் பிரியுங்கள். "உள்ளூர்ப் பிள்ளைகளுக்குத் தொழிற்பயிற்சி வேணும்", "வெளிமாநில ஆட்களை வேலைக்கு வைக்கிற கம்பெனி அவங்களை முறையாப் பதிவு பண்ணணும்", "காண்டிராக்ட் முறையை ஒழுங்குபடுத்தணும்" என்பதெல்லாம் நியாயமான அரசியல் கோரிக்கைகள். அவற்றை எதிர்க்காதீர்கள், சிலவற்றை நாமே கேட்க வேண்டும். "வீடு குடுக்காதீங்க", "அத்தனை பேரும் திருடனுங்க", "அடிச்சு விரட்டணும்" என்பவை வேறு. இவை எந்தக் கொள்கையையும் கேட்கவில்லை, ஒரு கூட்டத்து மனிதர்களைக் கை காட்டுகின்றன. இரண்டையும் ஒரே பையில் போட்டு எதிர்த்தால், முதல் வகையைக் கேட்கிறவர்களையும் இரண்டாம் வகைப் பேச்சாளரிடமே தள்ளிவிடுவோம்.

இரண்டாம் படி: குறையை ஒத்துக்கொண்டு, அதன் கணக்கைப் போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியை மட்டும்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

கை தட்டிய அக்காவின் கோபத்துக்குக் காரணம் இருந்தது. அவருடைய மகன் பவர் டேபிள் டெய்லர், மோட்டார் மெஷினில் பீஸ் கணக்கில் தைப்பவர். ரேட் ஏறவே இல்லை. கேட்டால் "இஷ்டம் இருந்தா தை, இல்லாட்டி ஆள் ரெடியா இருக்கு" என்று பதில். அந்த "ரெடியா இருக்கிற ஆள்" யார் என்று அவருக்குக் கண்ணால் தெரிகிறது. ரேட்டை நிர்ணயிக்கிற கை தெரிவதில்லை.

அந்தக் கையைக் காட்டுவதுதான் நம் வேலை. ஒரு டீ குடிக்கிற நேரத்தில் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டலாம். ஒரு பீஸுக்கு நம் பையனுக்கு ஏழு ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். காண்டிராக்டர் பீகாரிலிருந்தோ ஜார்கண்டிலிருந்தோ இருபது பேரைக் கூட்டி வருகிறார். ரயில் டிக்கெட், ரூம், மெஸ் எல்லாவற்றுக்கும் முன்பணம் கொடுத்துக் கடனில் வைக்கிறார். அவர்களுக்கு ஐந்தரை ரூபாய். கம்பெனியிடம் அவர் வாங்குவது ஏழோ ஏழுக்குக் கொஞ்சம் குறைவோ. நடுவில் இருக்கிற காசு எங்கே போகிறது? "இந்த ஒன்றரை ரூபாய் யாரு பாக்கெட்டுலங்க்கா இருக்கு?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். பதிலை அவரே சொல்லட்டும்.

அடுத்து, தீர்வும் கையில் இருக்க வேண்டும்: ஒரே வேலைக்கு ஒரே ரேட். வெளிமாநிலத்து ஆளுக்கும் ஏழு ரூபாய் என்றால், அவரைக் காட்டி நம் பையனை மிரட்ட முடியாது. இது புதிய யோசனையும் இல்லை. 1979இல் வந்த மாநிலங்களுக்கிடையே புலம்பெயர்ந்த தொழிலாளர் சட்டம், அதே இடத்தில் அதே மாதிரி வேலை பார்க்கிற மற்றவர்களுக்கு உள்ள கூலி, வேலை நேரம், விடுமுறை எல்லாம் வெளிமாநிலத் தொழிலாளிக்கும் உண்டு என்று தன் 13ஆம் பிரிவில் சொன்னது. அந்தச் சட்டம் இப்போது புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது. ஆனால் அரசு நிர்ணயிக்கிற குறைந்தபட்சக் கூலி எந்த ஊர்க்காரருக்கும் ஒன்றுதான். ஆதாரில் எந்த மாநிலம் என்று பார்த்து அது மாறுவதில்லை.

வாடகையும் இப்படித்தான். "இவனுங்க வந்து லைன் வீட்டு வாடகைய ஏத்திட்டானுங்க" என்பார்கள். ஒரு அறையில் எட்டுப் பேரைப் போட்டுத் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறவர் யார், அவர் எந்த ஊர்க்காரர் என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் நமக்குத் தெரிந்தவராகத்தான் இருப்பார்.

மூன்றாம் படி: நம் வீட்டுக் கதையைப் பேச வையுங்கள்

என் அப்பா 1984இல் சிவகங்கைப் பக்கமிருந்து திருப்பூருக்கு வந்தவர். அன்று அவருக்குப் பெயர் "தெக்கத்தி ஆளு". தெக்கத்தி ஆளுக்கு வீடு கொடுத்தால் குடிப்பான், கத்தி எடுப்பான் என்று சொல்லி மூன்று இடத்தில் வீடு மறுத்தார்கள் என்று அம்மா சொல்லுவார். இன்று "வடக்கன்" என்கிற இடத்தில் "தெக்கத்தியான்" என்று போட்டால் அதே வாக்கியங்கள் வரும். தேனி, மதுரை, ராமநாதபுரம், திருநெல்வேலி என்று எல்லா மாவட்டத்து ஆட்களும் வந்து உழைத்துத்தான் இந்தப் பனியன் ஊர் ஆண்டுக்கு 30,000 கோடி ரூபாய்க்கு மேல் ஏற்றுமதி செய்கிற ஊராக ஆனது.

கொங்கு ஆட்கள் வெளியே போனதும் கொஞ்சமா? திருச்செங்கோட்டு ரிக் வண்டி போர் போடாத மாநிலம் எது? நாமக்கல் லாரி நிற்காத டாபா எது? ஒரு முறை "வெளியூர்க்காரன் வெளியூர்க்காரன்தான்" என்று வாதாடிய ஒரு தம்பியிடம் கேட்டேன்: "உங்க மாமா ரிக் வண்டியில இப்ப எங்க இருக்காருங்க?" "சத்தீஸ்கர்ல." "அங்க அவருக்கு இந்தி தெரியுமா?" "இப்பத்தான் கத்துக்கிட்டு இருக்காரு." அதற்கு மேல் நான் எதுவும் சொல்லவில்லை.

தமிழர்கள் இந்தப் பேச்சின் அடியை வாங்கியவர்கள் என்பதையும் இளைஞர்களுக்குச் சொல்ல வேண்டும். 1966இல் பம்பாயில் சிவசேனா தொடங்கியபோது அதன் முதல் இலக்கு அங்கே வேலை பார்த்த தென்னிந்தியர்கள்தான். வேட்டி லுங்கி கட்டுகிறவனை விரட்டு என்பது அவர்கள் முழக்கம். 1991 டிசம்பரில் காவிரிப் பிரச்சினையின்போது பெங்களூருவில் தமிழர் குடியிருப்புகள் தாக்கப்பட்டன. இலங்கையில் 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர்களை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவும் இலங்கையும் அவர்களைத் தலை எண்ணிப் பங்கு போட்டன. 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று முடிவானது. அப்படி வந்தவர்களில் பல குடும்பங்கள் மேட்டுப்பாளையத்துக்கு மேலே, நீலகிரித் தேயிலைத் தோட்டங்களில் இன்றும் இருக்கின்றன. ஓட்டுக்காக "நீ இந்த ஊர்க்காரன் இல்லை" என்று ஆரம்பிக்கிற பேச்சு எங்கே போய் நிற்கும் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை.

நான்காம் படி: "அப்ப இந்தித் திணிப்பை ஆதரிக்கிறீங்களா?" என்ற கேள்விக்குத் தயாராகுங்கள்

இந்தக் கேள்வி கட்டாயம் வரும். மழுப்பினால் நம்பிக்கை போய்விடும்.

1965 பிப்ரவரியில் பொள்ளாச்சியில் இந்தி எதிர்ப்புப் போராட்டக்காரர்கள்மேல் துப்பாக்கிச் சூடு நடந்து பலர் செத்தார்கள். அந்த நினைவு எங்கள் ஊர்களில் இன்னும் இருக்கிறது, இருக்கவும் வேண்டும். அந்தப் போராட்டம் டெல்லி அரசின் ஆணையை எதிர்த்தது. பனியன் கம்பெனியில் அயர்ன் பண்ணுகிற பையன் எந்த ஆணையும் போடவில்லை. அவன் ஒடிசாக்காரனாக இருந்தால் தாய்மொழி ஒடியா. வங்காளமாக இருக்கலாம், பீகார்க்காரன் என்றால் போஜ்புரியாகவோ மைதிலியாகவோ இருக்கலாம், ஜார்கண்ட் பழங்குடி என்றால் சந்தாலியாக இருக்கலாம். போஜ்புரியை ஒரு தனி மொழியாகவே எண்ணாமல் இந்திக் கணக்கில் சேர்த்து எழுதுகிறது மக்கள்தொகைக் கணக்கெடுப்பு. தன் மொழி இந்திக்குள் மறைந்துபோன ஒருவனைப் பிடித்து "இந்திக்காரா" என்று திட்டுகிறோம். மொழிப்பற்று உள்ளவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், காது கொடுத்துக் கேட்பார்கள்.

சட்டத்திலும் இந்த வேறுபாடு உண்டு. ஒரு மொழியைக் காப்பாற்றப் போராடுவேன் என்று தேர்தலில் சொல்வது குற்றமல்ல என்று உச்ச நீதிமன்றம் அறுபதுகளிலேயே சொல்லியிருக்கிறது. மொழியின் பெயரால் மக்களுக்கிடையே பகை வளர்ப்பதுதான் தடுக்கப்பட்டது.

ஐந்தாம் படி: வீடியோ வந்தால் கையை நிறுத்துங்கள்

2023 ஜனவரியில் திருப்பூரில் வடமாநிலத் தொழிலாளர்கள் தமிழ்த் தொழிலாளர்களைத் துரத்துவதாக ஒரு வீடியோ சுற்றியது. சின்னத் தகராறு ஒன்று ஊர்ச் சண்டையாகக் காட்டப்பட்டது. இரண்டு மாதம் கழித்து, மார்ச்சில், அதே நெருப்பு எதிர்ப் பக்கத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்களை அடித்துக் கொல்கிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வடக்கே பரவின. தமிழ்நாட்டுச் சம்பந்தமே இல்லாத காட்சிகளும் அவற்றில் இருந்தன. ஹோலிக்கு ஊருக்குப் போகிற கூட்டத்தைப் படமெடுத்து "உயிர் தப்பி ஓடுகிறார்கள்" என்றார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழு திருப்பூருக்கும் கோவைக்கும் வந்து விசாரித்துப் போனது. பொய் பரப்பியவர்கள்மேல் தமிழ்நாட்டுப் போலீஸ் வழக்குப் போட்டது, கைதுகளும் நடந்தன. அந்த நாட்களில் ரூமை விட்டு வெளியே வரப் பயந்து, ஊரில் அழுகிற அம்மாவிடம் போனில் "நல்லா இருக்கேம்மா" என்று சொல்லிக்கொண்டிருந்த பையன்களை நான் பார்த்தேன்.

தேர்தல் நேரத்தில் இது இரண்டு பக்கமும் மறுபடி நடக்கும். செய்ய வேண்டியது எளிது. வீடியோவை நிறுத்தி, கடைப் பலகை, வண்டி நம்பர், பேசுகிற மொழி, போலீஸ் சீருடை இவற்றைப் பாருங்கள். அந்த ஏரியாவில் உங்களுக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் போடுங்கள். ஒரு காட்சியைப் படமாகப் பிடித்து கூகுளில் போட்டுத் தேடினால் பழைய வீடியோ பெரும்பாலும் அகப்பட்டுவிடும். தமிழ்நாடு அரசின் தகவல் சரிபார்ப்பகமும் இருக்கிறது. பொய் என்று தெரிந்த பிறகு, "இது பொய்" என்று எழுதி அதே வீடியோவை மறுபடி அனுப்பாதீர்கள். எழுத்தை யாரும் படிக்க மாட்டார்கள், காட்சி மட்டும் பரவும். உங்கள் குரலில் அரை நிமிஷம் வாய்ஸ் மெசேஜ் போடுங்கள்: "நான் வேலம்பாளையத்துல இருந்து பேசறேனுங்க. அப்படி எதுவும் நடக்கல. நானே போய்ப் பார்த்தேன்." தெரிந்தவர் குரலுக்குக் குடும்பக் குழுவில் இருக்கிற மதிப்பு வேறு எதற்கும் இல்லை. ஆனால் நீங்கள் நிஜமாகவே போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

ஆறாம் படி: புகார்

எல்லாப் பேச்சுக்கும் புகார் போடாதீர்கள். "விரட்டு", "அடி", "வீடு கொடுக்காதே" என்ற வகைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டசபை, பாராளுமன்றத் தேர்தல் அறிவித்த நாளிலிருந்து நடத்தை விதிகள் அமலில் இருக்கும். சாதி, மதம், மொழிப் பிரிவினரிடையே பகையைத் தூண்டக்கூடாது என்பது அவற்றின் முதல் விதி. தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலியில் அங்கேயே நின்று போட்டோவோ இரண்டு நிமிஷ வீடியோவோ எடுத்து ஐந்து நிமிஷத்துக்குள் அனுப்ப வேண்டும். பழைய வீடியோவை அது ஏற்காது. பெயர் சொல்லாமலும் அனுப்பலாம். 100 நிமிஷத்துக்குள் நடவடிக்கை என்பது ஆணையத்தின் இலக்கு. 1950 என்ற எண்ணிலும் சொல்லலாம். உள்ளாட்சித் தேர்தல் மாநிலத் தேர்தல் ஆணையத்தின் கீழ் வருவது. அதற்கு கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தாகக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

புகாரில் எந்தச் சட்டத்தைக் குறிப்பிடுவது என்பதில் பலர் தவறிவிடுகிறார்கள். 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123(3ஏ), 125 பிரிவுகள் மதம், இனம், சாதி, சமூகம், மொழி ஆகியவற்றின் பெயரால் பகை வளர்ப்பதைத் தடுக்கின்றன. 125இல் மூன்று ஆண்டுவரை சிறை உண்டு. அந்தப் பட்டியலில் "பிறந்த ஊர்" இல்லை. அதனால் "பீகாரிலிருந்து வந்தவன்" என்று பேசியவர், நான் மொழியைச் சொல்லவில்லையே என்று தப்பிக்கப் பார்ப்பார். பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 196ஆம் பிரிவில் பிறந்த இடமும் வசிக்கும் இடமும் மொழியும் சேர்ந்தே இருக்கின்றன. ஆகவே இரண்டையும் குறிப்பிடுங்கள். வெறுப்புப் பேச்சு என்றால் யாரும் புகார் தராவிட்டாலும் போலீஸ் தானாகவே வழக்குப் பதிய வேண்டும் என்று 2023 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் எல்லா மாநிலங்களுக்கும் உத்தரவிட்டது. ஸ்டேஷனில் மனுவை வாங்க மறுத்தால், அதையே ஸ்பீடு போஸ்ட்டில் எஸ்.பி.க்கோ கமிஷனருக்கோ அனுப்புங்கள்.

ஜெயித்த வேட்பாளரே இதில் சம்பந்தப்பட்டிருந்தால், முடிவு வந்த 45 நாளுக்குள் அந்தத் தொகுதி வாக்காளர் யாரும் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு போடலாம். செலவும் அலைச்சலும் உண்டு, தெரிந்த வக்கீல் வேண்டும். முதல் படியில் எழுதிய நோட்டு அங்கே உதவும்.

ஏழாம் படி: "ஓட்டைப் பிடுங்க வந்துட்டானுங்க"

2025இல் பீகார் வாக்காளர் பட்டியல் திருத்தத்தின்போது, அங்கிருந்து 6.5 லட்சம் பேர் தமிழ்நாட்டுப் பட்டியலில் சேரப்போகிறார்கள் என்ற பேச்சு கிளம்பியது. தேர்தல் ஆணையம் மறுத்தது. அந்தப் பயம் இன்னும் தீரவில்லை. விதி சிக்கலானது அல்ல. இந்தியக் குடிமகன், 18 வயது, அந்தத் தொகுதியில் வழக்கமாக வசிப்பவர் என்றால் பெயர் சேர்க்கப் படிவம் 6 கொடுக்கலாம். குடிமாறியவருக்குப் படிவம் 8. ஒருவர் பெயர் இரண்டு தொகுதியில் இருக்கக்கூடாது. அப்படி இருப்பதாக ஆதாரம் இருந்தால், அந்தத் தொகுதிப் பட்டியலில் பெயர் உள்ள யாரும் படிவம் 7இல் ஆட்சேபணை தரலாம். பெயரைப் பார்த்து மொத்தமாக ஆட்சேபணை போடுவது வேறு, பொய்யாக எழுதினால் அது தண்டனைக்குரிய குற்றம். பத்து வருஷமாகத் திருப்பூரிலேயே குடும்பத்தோடு இருக்கிறவர் இங்கே ஓட்டுப் போட்டால் என்ன தவறு? இந்தியக் குடிமகன் எங்கும் போகலாம், எங்கும் குடியிருக்கலாம், எந்தத் தொழிலும் செய்யலாம் என்று அரசமைப்பின் 19ஆம் உறுப்பு சொல்வதால்தான் நம் ரிக் வண்டி சத்தீஸ்கரில் நிற்கிறது.

எட்டாம் படி: வேட்பாளர் ஓட்டுக் கேட்டு வரும்போது

வாசலில் நிற்கிற வேட்பாளரிடம் "வெறுப்பைப் பேசாதீங்க" என்றால், "சேச்சே, நான் பேசுவனுங்களா" என்று கும்பிட்டுவிட்டுப் போவார். பதில் சொல்ல வேண்டிய கேள்வியைக் கேளுங்கள்: "ஒரே வேலைக்கு ஒரே ரேட் வேணும்னு மேடையில பேசுவீங்களாங்க?" எல்லாக் கட்சியிலும் முதலாளிமார் இருக்கிறார்கள். வெளிமாநில ஆள் இல்லாமல் தங்கள் கம்பெனி ஒரு நாள் ஓடாது என்று அவர்களுக்குத் தெரியும். பகலில் அவர்களை வைத்து ஆர்டர் முடித்துவிட்டு, ராத்திரி அவர்களைத் திட்டுகிற மேடைக்குச் சந்தா கொடுப்பதை நேருக்கு நேர் கேட்க வேண்டும். ஐந்தாறு பெண்கள் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

வெளிமாநிலத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "நாங்க பாதுகாப்பா இருக்கோம்" என்று அவர்களைப் பேசவைத்து, முகம் தெரிய வீடியோ எடுத்துப் போடாதீர்கள். தேர்தல் முடிந்து நாம் வீட்டில் இருப்போம், அந்தப் பையன் அதே சந்தில் இரவு ஷிப்ட் முடித்து நடந்து வருவான். பேச விரும்புகிறவரைப் பேச விடுங்கள். விரும்பாதவரை மேடை ஏற்றாதீர்கள். அவர்களுக்கு நிஜமாக உதவுவது சின்னச் சின்ன வேலைகள்: எந்த நம்பருக்குப் போன் போடுவது என்று சொல்லித் தருவது, ஒடியாவோ இந்தியோ தெரிந்த ஒருவரை ஸ்டேஷனுக்குக் கூட அனுப்புவது, பிள்ளையை மாநகராட்சிப் பள்ளியில் சேர்க்கும்போது கூடப் போய் நிற்பது.

அந்தச் செக்கிங் அக்காவிடம் நான் பேப்பரில் கணக்குப் போட்டுக் காட்டியது அடுத்த மாதம்தான். அவர் ஒன்றும் சொல்லவில்லை, பேப்பரை மடித்து மணிபர்ஸில் வைத்துக்கொண்டார். வந்த சனிக்கிழமை சம்பளக் கவர் வாங்கிய கையோடு காண்டிராக்டர் முன்னால் போய் நின்றார். பக்கத்தில் அதே வேலை பார்க்கிற ஜார்கண்ட் பெண். "ஏனுங்க, இந்தப் புள்ளைக்கு என்ன ரேட் போட்டீங்க?" என்று கேட்டார். அவர் சொல்லவில்லை. அக்கா நகரவும் இல்லை.